வறுத்த திருநீறு

முருகப்பெருமானின் திருநீற்றில் பூஞ்சையைக் கலந்தவன் நான். அதை என் அக்காளின் கணவருக்கு, அவர் அறியாமல், உண்ணக் கொடுத்தவன் நான். அதனால் எழுந்த பழியை அக்காளின் தலைமேல் விழவிட்டு, அருகிலேயே வாய்மூடி நின்றவனும் நானே!

இம்மூன்று வாக்கியங்களை எழுதுவதற்கு எனக்கு முப்பது ஆண்டுகள் ஆயின.

நீங்கள் யாரென்று நான் அறியேன். அறியாதவரிடத்தில்தான் இதைச் சொல்ல முடியும் போலும்... அறிந்தவர்களிடம் சொல்லியிருக்க வேண்டிய நாட்களில் நான் சொல்லவில்லை. இப்போது அவர்களும் இல்லை.

நான் கல்லூரி வாசல் மிதித்தவன் அல்லன். மூன்றாம் பாரத்தோடு படிப்பு நின்றது. திருத்தணியில் மலையடிவாரத்தை ஒட்டிய தெருவொன்றில், ஒரு டாக்டரின் மருந்தகத்தில் கம்பவுண்டராகச் சேர்ந்தேன். மருந்துப் புட்டிகளின் மேல் ஒட்டிய காகிதங்களே எனக்கு ஆங்கில அரிச்சுவடி. டாக்டர் படித்து ஒதுக்கிய வைத்தியப் பத்திரிகைகளை, அட்டை கிழிந்த அகராதி ஒன்றின் துணையால் வரி வரியாகப் பிளந்து படித்தேன். அந்தப் படிப்பில் எனக்கு அளவிறந்த பெருமை உண்டு. இக்கதைக்கு வேர் அந்தப் பெருமைதான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அது யுத்த காலம். பர்மா அரிசி நின்றுபோயிற்று. கப்பல்கள் வாராமையால் மருந்துகளும் ஒவ்வொன்றாக நின்றன. பழுப்பு நிறப் புட்டியில் வந்துகொண்டிருந்த செரிமானத் தூள் ஒருநாள் அடியோடு தீர்ந்தது. டாக்டர் அந்தக் காலிப் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துச் சிரித்தார்.

"இத எதுலேர்ந்து பண்றான் தெரியுமாய்யா? தவுட்டுல வளர்ற பூசணம்! நம்மாளு தானியத்துல பூசணம் புடிச்சா குப்பையில கொட்றான். அவன் புட்டியில அடைச்சு நமக்கே அனுப்புறான்."

அவர் அதை மறந்து அடுத்த நோயாளியைக் கூப்பிட்டார். நான் மறக்கவில்லை.

சோற்றை விழுங்காமல் நெடுநேரம் மென்று பாருங்கள். மெல்ல இனிக்கத் தொடங்கும். நம் உமிழ்நீரில் உள்ள ஒரு பொருள் சோற்றின் மாவுச்சத்தை உடைத்து, இனிப்பாக மாற்றுகிறது. இக்காலத்துப் பள்ளிப் புத்தகங்களில் அதனை நொதி என்கிறார்கள். தானியத்தின்மேல் வளரும் பூஞ்சைக்கும் அந்த நொதி வேண்டும். அதற்கு வாயில்லை, பல்லில்லை. ஆகவே நொதியை வெளியே சுரந்து, தானியத்தைக் கரைத்து, பின்பு உறிஞ்சிக்கொள்கிறது. பூஞ்சையின் சமையற்கட்டு அதன் உடம்புக்கு வெளியே இருக்கிறது! இதைப் படித்த அன்று எனக்கு வியப்பால் சோறு இறங்கவில்லை.

கெட்டுப்போன தானியம் தேடி, காதர் பாயின் அரிசி மண்டிக்குப் போனேன்.

"இன்னா கம்பவுண்டரே, நல்ல அரிசி கேட்டு ஊரே வாசல்ல நின்னுகினு கீது. நீங்க கெட்டுப்போனதா பாத்து கேக்குறீங்க?"

"மருந்துக்கு, பாய்."

"ஆங்... எலிக்கா, மனுசனுக்கா? சொல்லிட்டு எடுத்துகினு போங்க. நாளைக்கு என் பேரு வரக்கூடாது பாருங்க!"

இருவரும் சிரித்தோம்.

அரிசி, சோளம், கம்பு, கேழ்வரகு, தவிடு என ஐந்து அகல்களில் ஐந்து வகைப் பூஞ்சை வளர்த்தேன். ஒன்று கரி நிறம். ஒன்று செங்கல் நிறம். ஒன்று பஞ்சு போல் வெண்மை. ஒவ்வொன்றையும் நீரில் ஊறவைத்து வடித்தேன். நீர்த்த கஞ்சியில் ஒரு சொட்டு அயோடின் விட்டால் மையைப் போல நீலம் பாயும். மாவுச்சத்து இருக்கும்வரை அந்த நீலம் இருக்கும். வடித்த நீரை அந்தக் கஞ்சியில் சேர்த்துவிட்டுக் காத்திருப்பேன். நீலம் மறைந்தால் நொதி வேலை செய்கிறது என்று பொருள்.

நான்கு கோப்பைகளில் நீலம் அப்படியே நின்றது. மண்டி மூலையின் ஈரத் தவிட்டிலிருந்து வந்த, பாசிப்பயற்றுத் தோலின் நிறத்தில் இருந்த ஐந்தாவது மட்டும் என் கண் முன்னே நீலத்தைக் கலைத்தது. நீலம் ஊதாவாயிற்று, ஊதா செந்நிறமாயிற்று, பின்பு நிறமே இல்லை! அயோடின் விடாத கஞ்சியில் அதே நீரைக் கலந்து நாவில் வைத்துப் பார்த்தேன். இனித்தது. சர்க்கரைக்குப் பங்கீட்டுக் கடையில் மக்கள் வரிசையில் நின்ற காலத்தில், என் கோப்பையில் வெறுங்கஞ்சி இனித்தது!

அந்த நீரில் மருந்தகத்து ஸ்பிரிட்டை ஊற்றினால் வெண்படலமாக ஒன்று அடியில் படியும். அதைத் துணியில் வடித்து நிழலில் உலர்த்தினால் தூள். வெயில் ஆகாது. நெருப்பு அறவே ஆகாது. ஒருமுறை அதைக் கொதிக்கவிட்டுப் பார்த்தேன்; கஞ்சியின் நீலம் அசையவேயில்லை. சூடு பட்டால் நொதி இறந்துவிடும். இதனைச் சிவப்பு மையால் என் குறிப்பேட்டில் அடிக்கோடிட்டு எழுதினேன். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்...

பத்து நாள் நானே உண்டு பார்த்தேன். ஒன்றும் ஆகவில்லை. எந்தப் பூஞ்சை மருந்து, எந்தப் பூஞ்சை நஞ்சு என்று பிரித்தறியும் கல்வி எனக்கு இருந்ததா? இல்லை. தைரியம் இருந்தது, அவ்வளவே.

என் அக்காள் அலமேலுவை ஊருக்குத் தெற்கே இரண்டு கல் தொலைவில், சொந்த நிலத்தில் உழுது பயிரிடும் குடும்பத்தில் கொடுத்திருந்தார்கள். அவள் கணவரை நான் பாவா என்று அழைப்பேன். ஏர் பிடித்தால் மாடு களைக்கும், அவர் களைக்கமாட்டார். அப்படிப்பட்டவர், அந்த ஆண்டு உண்டது எதுவும் செரியாமல் வற்றத் தொடங்கினார். இரண்டு கவளம் களி உண்டால் வயிறு முரசு போல் உப்பும். டாக்டரிடம் அழைத்து வந்தேன். "அந்தத் தூள் இருந்தா குடுக்கலாம். எங்க கீது?" என்று அவர் கையை விரித்தார்.

நான் நேர்மையாகத்தான் தொடங்கினேன். இதை நீங்கள் நம்ப வேண்டும். ஒரு பொட்டலத்தை அவர் கையில் கொடுத்து, இன்னதிலிருந்து செய்தது என்று விளக்கினேன். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"பூசணம் புடிச்ச தவுட்ட எனக்கு மருந்துன்னு குடுக்குறியா மச்சான்? எங்க மாடு கூட மூஞ்ச திருப்பிக்கும்."

"பாவா, வெளிநாட்டுல இதத்தான்..."

"வெளிநாட்டுக்காரன் தவள துன்றான். நானும் துன்னவா?"

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அக்காளும் சிரித்தாள், முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு என்னைச் சுட்டது.

மறுநாள் காலை மலையேறினேன். சந்நிதியில் திருநீறு வாங்கினேன். வீட்டுக்கு வந்து, அதில் என் தூளைக் கலந்தேன். சாம்பல் சேர்ந்ததால் வீரியம் சற்றுக் குறைந்தது. ஆயினும் கோப்பையில் நீலம் மறையத்தான் செய்தது. அந்தப் பொட்டலத்தைப் பாவாவிடம் கொண்டுபோய், "உங்களுக்காக வேண்டிகினு வாங்கியாந்தேன். சாப்பிட்ட கையோட மூணு வெரல்ல எடுத்து வாயில போட்டு தண்ணி குடிங்க. ஒரு மண்டலம்" என்றேன்.

அவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு இரு கையாலும் வாங்கினார். கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

இங்கே ஒரு கேள்வி. அவரைக் குணப்படுத்த விரும்பினேனா? அல்லது என் பூஞ்சை வெல்ல வேண்டும் என்று விரும்பினேனா? இரண்டும் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு விருப்பந்தான். ஆனால் மலைப்படிகளில் இறங்கி வரும்போது என் மனத்தில் இருந்தது பாவாவின் வயிறு அன்று, அந்தச் சிரிப்பு.

மூன்று வாரத்தில் பாவா எழுந்தார். அக்காள் மருந்தகத்துக்கே ஓடி வந்து சொன்னாள்.

"டேய், நேத்து மூணு உருண்ட களி துன்னாருடா! துன்னுட்டு, கொழம்பு பத்தலன்னு சத்தம் வேற போட்டாரு! திட்டட்டும்டா, நல்லா திட்டட்டும்..."

பாவா ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி நேர்ந்துகொண்டார். பதினைந்து நாளுக்கு ஒரு பொட்டலம் நான் கொடுத்து வந்தேன். ஒரு மண்டலம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று.

பின்பு ஐப்பசி வந்தது. மழை பிடித்துக்கொண்டு விடவில்லை. கூரை ஒழுகியது, உப்பு நீர்விட்டது, விறகில் காளான் முளைத்தது. ஒருநாள் பகலில் நான் அங்கே போனபோது, வாசலிலேயே பாவாவின் குரல் கேட்டது. அவர் மறுபடியும் வயிறு உப்பிச் சுவரில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் கை நீட்டிக் கூப்பிட்டார்.

"வா மச்சான், வா! உங்கக்கா பண்ண வேலைய கேளு. சாமி துன்னூற சட்டில போட்டு வறுத்துகிறா! கடலயா அது, வறுக்கறதுக்கு?"

அக்காள் அடுப்பருகே நின்றிருந்தாள். "ஈரத்துல கட்டிகட்டியா பூட்டுதுங்க. ஒரு மாதிரி நாத்தம் வேற. நெருப்புல பொறந்ததுதானே துன்னூறு? நெருப்பு அத இன்னா பண்ணிடும்னுதான்..."

"எந்த சட்டில வறுத்த? அத சொல்லு. கருவாடு வறுக்கற சட்டிலதானே?"

"மூணு வாட்டி சாம்ப போட்டு தேச்சி கழுவினேங்க..."

"அதுக்கப்புறம்தான் நாலு நாளா வவுறு கல்லாட்டம் கீது! சாமி கண்ண தெறந்து பாத்துகினு தானே கீறாரு?"

பாவாவின் தம்பி மனைவி, அக்காளின் ஓரகத்தி, முறத்தைத் தட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நெருப்பில் பிறந்ததை நெருப்பு என்ன செய்யும்! அக்காள் சொன்னது எவ்வளவு சரியான நியாயம்! அவள் கையில் இருந்தது வெறும் திருநீறாக இருந்தால் ஒன்றும் ஆகியிராது. ஈரத்தில் நாறியது என் தூள். சூட்டில் இறந்தது என் நொதி. அவ்வளவு பெரிய வீட்டில், அந்த வேளையில், அவள் குற்றமற்றவள் என்று அறிந்திருந்தவன் நான் ஒருவனே.

பாவா என்னைப் பார்த்துக் கேட்டார். "நீயே சொல்லு மச்சான். மலையேறி வாங்கியாந்தவன் நீ. அவ செஞ்சது தப்பா, இல்லியா?"

அக்காளும் என்னைப் பார்த்தாள். தம்பி தனக்காகப் பேசுவான் என்ற நம்பிக்கை அந்தப் பார்வையில் இருந்தது...

நான் சொன்னேன்: "போனது போவட்டும் பாவா. வேற கொண்டாறேன்."

தப்பு என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. மன்னித்துவிடுங்கள் என்ற தொனியில் பேசினால், குற்றம் உறுதியாகிவிடுகிறது அல்லவா?

ஏன் பேசவில்லை? பேசியிருந்தால், காவடி நேர்ந்துகொண்ட மனிதனின் வாயில் தவிட்டுப் பூஞ்சையும் ஸ்பிரிட்டும் போட்டவன் என்று ஊர் என்னைக் காறி உமிழ்ந்திருக்கும். சாமி திருநீற்றில் கைவைத்தவனுக்கு மலையடிவாரத்தில் எந்த வீட்டுக் கதவு திறக்கும்? வேலையும் போயிருக்கும். இவையெல்லாம் உண்மையான அச்சங்கள். ஆனால் அச்சம் ஒரு விளக்கமே, நியாயம் அன்று.

இனி நான் சொல்லப்போவதுதான் எனக்குள் எல்லாவற்றிலும் கனமாகக் கிடப்பது.

வறுத்த பொட்டலத்தை வாங்கிக்கொண்டு வீடு திரும்பினேன். கஞ்சி காய்ச்சி ஆறவிட்டு, அயோடின் சொட்டி, அந்தத் தூளைக் கலந்தேன். நீலம் அசையவில்லை. அரை மணி ஆயிற்று; ஒரு மணி ஆயிற்று; மையைப் போல் அப்படியே நின்றது. குறிப்பேட்டை எடுத்து எழுதினேன்: "வறுத்த தூளில் செயல் இல்லை. நோயாளிக்கு உபாதை திரும்பியது. பூஞ்சையின் நொதியே குணத்துக்குக் காரணம் என்பது இதனால் பெரிதும் உறுதியாகிறது."

எழுதும்போது நான் மகிழ்ந்தேன்! ஆம், மகிழ்ந்தேன். அக்காள் இரண்டு கல் தொலைவில் அடுப்பருகே தலைகுனிந்து நின்றுகொண்டிருந்த அதே பிற்பகலில், அவளுடைய அவமானத்தை எனக்குக் கிடைத்த சான்றாக எழுதிக்கொண்டேன்.

புதிய தூள் செய்தேன். புதிய திருநீற்றில் கலந்தேன். இம்முறை பொட்டலத்தைப் பாவாவின் கையிலேயே கொடுத்தேன். அவரே ஒரு பித்தளைச் சிமிழில் அடைத்துத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். பத்து நாளில் மறுபடியும் எழுந்தார்.

பார்த்தீர்களா? நான் அவரைக் குணப்படுத்தினேன். அதனாலேயே அவளைக் குற்றவாளியாக்கினேன். அவள் கை பட்டபோது கெட்டது. அவள் கை படாதபோது குணமாயிற்று. இதற்கு மேல் ஓர் உழவனுக்கு என்ன சாட்சி வேண்டும்? நான் குறிப்பேட்டில் எழுதிய அதே தர்க்கத்தைத்தான் அவரும் தம் மனத்தில் எழுதிக்கொண்டார். என் முடிவு ஒன்று. அவர் முடிவு வேறொன்று.

அன்றுமுதல் பாவா அக்காளின் கையால் உண்ணவில்லை. அடிக்கவில்லை, விரட்டவில்லை. ஓரகத்தி சமைத்தாள், ஓரகத்தியே பரிமாறினாள். அக்காள் நெல் புழுக்கினாள், மாடு கறந்தாள், களை பறித்தாள். கணவன் தட்டில் ஒரு கரண்டி குழம்பு ஊற்றும் உரிமை மட்டும் அவளுக்கு இல்லை. கிணற்றடியில் பெண்கள் அவளுக்குப் பெயர் வைத்தார்கள்: "துன்னூறு வறுத்தவ." சில ஆண்டுகளில் அது சுருங்கி "வறுத்தவ" என்று நின்றது. அந்தப் பெயருக்குக் காரணம் அறியாத புதுமருமகள்களும் அதையே சொன்னார்கள்.

அடுத்த ஆடிக் கிருத்திகையில் பாவா காவடியோடு முன்னே போனார். அக்காள் வெறுங்காலோடு பின்னே ஏறினாள். நான் அவளோடு ஏறினேன். பாதிப் படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"டேய், ஒண்ணு கேக்கறேன். சட்டிய நல்லாத்தான் கழுவினேன். அவரு நல்லாருக்கணும்னுதான் பண்ணேன். அது சாமிக்கு தெரியாதா?"

எங்கள் பக்கத்தில் வேறு யாரும் இல்லை. பம்பை ஓசை மேலே போய்விட்டது. ஒரே ஒரு வாக்கியம் போதும்... அக்கா, அது வெறும் திருநீறு அன்று. இவ்வளவுதான்!

"ஏந்திரிக்கா. வெயில் ஏறுது," என்றேன்.

அவள் எழுந்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு மிச்சப் படிகளையும் ஏறினாள். மேலே சந்நிதியில் கன்னத்தில் போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். நான் செய்த பிழைக்கு அவள் கேட்ட மன்னிப்பு அது! ஆண்டுதோறும் கேட்டாள்.

யுத்தம் முடிந்தது. பழுப்புப் புட்டிகள் மறுபடியும் வந்தன. டாக்டரின் கையால் பாவா அதை வாங்கி உண்டார். புட்டியில் வந்த பூஞ்சையை அவர் முகர்ந்து பார்க்கவில்லை. என் அகல்களை உடைத்துக் குப்பையில் போட்டேன். பாவா அதன்பின் பன்னிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். கடைசி நாளன்று அவர் வாயில் பால் ஊற்றியவளும் ஓரகத்திதான். அக்காள் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

நொதியைப் பற்றி அந்தப் பத்திரிகைகளில் ஒரு செய்தி படித்திருக்கிறேன். அது மற்றதை எல்லாம் உடைத்து மாற்றும். தான் மட்டும் மாறாமல், குறையாமல், அப்படியே எஞ்சி நிற்கும். முன்பு அதை வியந்து படித்தேன். இப்போது அந்த வரி நினைவுக்கு வந்தால் எழுந்து விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சில வேளைகளில் வேறொரு ஐயமும் எழுகிறது. ஒருவேளை நொதி ஒன்றுமே செய்யவில்லையோ? கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கினாரே, அந்த நம்பிக்கைதான் அவரைத் தூக்கி நிறுத்தியதோ? வறுத்துவிட்டாள் என்று அறிந்த கலக்கமே வயிற்றைக் கெடுத்ததோ? ஒரு மனிதனை வைத்து இரண்டு முறை பார்த்ததெல்லாம் சான்றாகுமா? என் குறிப்பேடு விடை சொல்லவில்லை. அப்படியானால் நான் காத்த இரகசியத்துக்குக்கூட ஒரு பொருள் இல்லாமற் போகிறது...

சென்ற மாசியில் அக்காள் படுத்துவிட்டாள் என்று செய்தி வந்தது. போனேன். பிள்ளைகள் வெளியே நின்றார்கள். உடம்பு ஒரு பிடியாகச் சுருங்கியிருந்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது. சொல்லிவிடுவது என்று வழியெல்லாம் உறுதி செய்துகொண்டு போயிருந்தேன். வாக்கியங்களைக்கூட அமைத்து வைத்திருந்தேன், நல்ல வாக்கியங்கள்.

மலையிலிருந்து வாங்கி வந்த பொட்டலத்தை முதலில் பிரித்தேன். அவள் நெற்றியில் இடுவதற்காகக் கையை நீட்டினேன். அவள் என் மணிக்கட்டைப் பற்றி நிறுத்தினாள். பிடியில் பலமில்லை, ஆயினும் விடவில்லை.

"டேய்... இது வறுக்காததுதானே?"

"ஆங், அக்கா," என்றேன்.

அவள் பிடியை விட்டாள். நெற்றியில் இட்டேன். அமைத்து வைத்திருந்த வாக்கியங்கள் ஒன்றும் வெளியே வரவில்லை. அவற்றைத்தான் இங்கே உங்களிடம் எழுதியிருக்கிறேன்.